ஆயிரத்து எழுநூறு மில்லிச் சுவர்

முந்நூறு மில்லிமீட்டர் உள்ளே போனதும் டிரில் எடையிழந்தது. அதன் மேல் உடம்பைச் சாய்த்து அழுத்திக்கொண்டிருந்தவர் முன்னால் தடுமாறி, நெற்றி சுவரில் இடிப்பதற்குள் கையை ஊன்றிக்கொண்டார். விசையை அணைத்தார். படிக்கட்டு முழுக்க வெள்ளைத் தூசி.

"என்ன மேடம், உள்ளே காலியா இருக்கு?"

"காலியா இருக்காது. இது ஆயிரத்து எழுநூறு சுவர்."

"நான் இருபது வருஷமா சுவரைக் குடையறேன். உங்க சுவர் முந்நூறுலயே கையை விரிச்சிடுச்சு."

டிரில்காரர் இயந்திரத்தைப் பின்னால் இழுத்தார். மணிக்கட்டுத் தடிமனில் ஓர் உருளைக் கல் வழுக்கிக்கொண்டு வந்தது. அதைப் பெட்டியில் வைத்து, மேலே எண் எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனா நின்றது. துளையிலிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

சுவருக்குள்ளே விளக்கு இருக்காது. அவள் குனிந்து ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். மஞ்சள் வெளிச்சம். நீலக் கோடு போட்ட தலையணை ஒன்றின் ஓரம். அதன் மேல் புதிதாய் விழுந்த கல்தூள். தலையணையின் நடுவில் சற்று முன்வரை ஒரு தலை இருந்த பள்ளம்.

பிறகு துளை இருண்டது. மறுபக்கம் யாரோ அதை மறைத்து நின்றார்கள். ஓர் இருமல்.

"மில்லி அக்கா," என்றது சுவர். "இந்தப் பக்கம் ஆயிரத்து நூத்திப் பத்து இருக்கு. நீங்க எவ்வளவு போட்டீங்க?"

அவள் பின்னால் நகர்ந்து, கால் தட்டிய படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டிரில்காரர் இயந்திரத்தைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், கடைசியில் தன் கைகளைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் அமுக்கியிருந்தேன்னா..." என்றார்.

மில்லி என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். கட்டட வரைவாளராக இருபத்தாறு வருடம். எதையும் மில்லிமீட்டரில்தான் சொல்வாள். மேசைக்கும் சன்னலுக்கும் அறுநூறு. காபி இயந்திரத்துக்கு ஒன்பதாயிரம். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவன் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வான்: "பொண்ணு பார்க்கப் போனப்ப என் உயரத்தைக் கேட்டா. அஞ்சரை அடின்னேன். மில்லியில சொல்லுங்கன்னா. அப்பவே எழுந்து ஓடியிருக்கணும்."

பழைய கிடங்கு ஒன்றின் மூன்றாம் மாடியில் அலுவலகம். பாழடைந்த பகுதிகளுக்கு மறுவாழ்வு கொடுப்பதுதான் அதன் தொழில் என்று வாசல் பலகை சொல்லும். நகரமன்றத்துக்குக் காட்டும் படங்களில் 'முன்பு' என்பது எப்போதும் மழை நாளில் எடுத்த படம். 'பின்பு' என்பதில் எப்போதும் வெயில் அடிக்கும், யாராவது ஒருவர் பலூன் பிடித்துக்கொண்டு போவார். படங்களை யார் யாரோ செய்வார்கள். அவற்றுக்கு அடியில் கிடக்கும் அளவு மில்லியுடையது. ஒரு தெருவை மாற்றுவதற்கு முன் அது இப்போது எப்படி இருக்கிறதென்று வீடு வீடாகப் போய் அளக்க வேண்டும். அவள் போவாள். லேசர் கருவியைத் தொடமாட்டாள். "அதுக்கு மனசாட்சி கிடையாது, கண்ணாடியில பட்டா பக்கத்து வீட்டையும் சேர்த்து அளக்கும்" என்பாள். டேப்பும், மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆளும் போதும்.

பழைய கட்டடங்களில் உள்ளளவுகளைக் கூட்டினால் வெளியளவு வராது. எங்காவது பத்து, இருபது உதைக்கும். அதற்கு அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: மிச்சத்தைச் சுவருக்குக் கொடு. சுவரைக் கொஞ்சம் தடிமனாக்கினால் கணக்கு மூடிக்கொள்ளும். சுவர் வாய் திறக்காது. எல்லோரும் செய்வதுதான். மில்லியும் செய்வாள். ஆனால் அவள் கொடுக்கிற மிச்சம் ஐந்தைத் தாண்டாது.

நான்கு மாதத்துக்கு முன் அலுவலகத்துக்குப் பின்னாலிருக்கும் பழைய குடியிருப்பை அளக்கப் போனாள். நாற்பது வீடு. இருபத்து மூன்றாவது வீட்டில் ஒரு வயதான அம்மா கதவைத் திறந்தார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துணிகள் ஓரம் பிசகாமல் மடித்து அலமாரியில் அடுக்கியிருந்தன. டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். முன்னறையை அளந்து முடித்து நிமிர்ந்தபோது சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். காதில் பென்சில் செருகிய ஒல்லியான ஆள்.

"உங்க பையனா?"

"ஆமா. தெரியுமாம்மா உனக்கு?"

"எங்கேயோ பார்த்திருக்கேன். இப்போ எங்கே இருக்கார்?"

"வெளிநாட்டுல. நல்லா இருக்கான்."

பதினொரு வருடம் பதிலில்லாமல் கிடந்த கேள்வி. நல்லா இருக்கான். மில்லிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அதே நேரம் அந்த வீட்டில் இன்னொரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. அடுத்த அறையில் ஒரு சுவர் முழுக்க அலமாரி. வழக்கமாகத் திறந்து பின்பலகை வரை அளப்பாள். அன்று கதவோடு நிறுத்தி, அலமாரியின் ஆழத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதிக்கொண்டு கிளம்பினாள். மேசையில் கூட்டிப் பார்த்தபோது ஐந்தல்ல, ஐம்பதல்ல, ஆயிரத்துக்கு மேல் உதைத்தது. மறுபடி போயிருக்க வேண்டும். போகவில்லை. பழைய கட்டடம், சுவர் அப்படித்தான் இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, படிக்கட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் வரைபடத்தில் ஆயிரத்து எழுநூறு மில்லிமீட்டருக்குச் சுவர் எழுப்பி, கோடு போட்டு நிரப்பினாள். அன்றிலிருந்து நன்றாகத் தூங்கினாள்.

கட்டடப் பொறியாளர்தான் அதைப் பிடித்தார். "இது வீடா கோட்டையா? உள்ளே என்ன கல் இருக்குன்னு ஒரு துண்டு எடுத்துப் பாருங்க." கோப்பு நகரமன்றத்துக்குப் போக இரண்டே நாள் இருந்தது. அதனால்தான் இன்று டிரில். சுவரில் குறி போட்டுக் கொடுக்க அவள்.

டிரில்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். துளையருகே போய், தொலைபேசியில் பேசுகிறவர்போல உரக்கக் கேட்டார். "சார், அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல."

"இவ்வளவு நேரம் இயந்திரம் ஓடுச்சே. ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே?"

"பழக்கம் விட்டுப்போச்சு," என்றது குரல்.

கீழே கதவு சத்தம் கேட்டது. காய்கறிப் பையோடு அந்த அம்மா ஏறி வந்தார். தூசியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பை கையிலிருந்து நழுவவில்லை. கவனமாகப் படியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

"யாருகிட்டயும் சொல்லாதம்மா," என்றார் மில்லியிடம்.

"எத்தனை நாளா?"

"வேலையை விட்டு வந்தான்ல, அன்னைலேருந்து. ஒரு வாரம் வெளியே வரலைம்மான்னான். சரின்னேன். அலமாரிக்குப் பின்னால பழைய சாமான் போடற இடம், அதுல போய்ப் படுத்தான். அக்கம்பக்கம் கேட்டாங்க. வெளிநாடு போயிருக்கான்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்புறம் அவனுக்கு வெளியே வரணும்னு இருந்தப்பக்கூட எப்படி வர்றது? ஊருக்குப் போனவன் அலமாரிக்குள்ளேருந்தா வருவான்?" மூச்சு வாங்கினார். "வாசக் கதவைத் தாழ் போட்டா வெளியே வருவான். என்கூட உட்கார்ந்து சாப்பிடுவான். துணி நல்லா மடிப்பான்."

"சுவரை இடிக்கப் போறாங்கம்மா."

"தெரியும். புது வீடு குடுக்கறாங்களாம். படம் காட்டினாங்க. எல்லாம் ஒரே கூடமா இருக்கு. அதுல இவனை எங்கேம்மா வைக்கறது?"

அந்தப் படத்துக்கு அடியிலும் மில்லியின் அளவுதான் கிடந்தது. புது வீடுகளில் நூறு மில்லிக்கு மேல் தடித்த சுவரே கிடையாது. யாருக்கு எத்தனை அறை என்பது பழைய வீட்டின் வரைபடத்தையும் குடியிருப்போர் பட்டியலையும் பார்த்து முடிவாகும். இருபத்து மூன்றாம் வீடு: அறை இரண்டு, ஆள் ஒன்று. அவள் எழுதியது. கோப்பு அப்படியே போனால் உள்ளே இருக்கிற ஆள் எந்தக் காகிதத்திலும் இல்லாதவன். சுவருக்குக் கொடுத்த மிச்சம்.

துளையில் ஏதோ உரசியது. சுருட்டிய டிரேசிங் தாள் ஒன்று மெல்ல வெளியே வந்தது. டிரில்காரர் எடுக்கத் தயங்கினார். மில்லி எடுத்தாள். பென்சிலில் வரைந்த ஓர் அறை. நீளம் மூவாயிரத்து நூற்று ஐம்பது, அகலம் ஆயிரத்து நூற்றுப் பத்து. கட்டில், விளக்கு, கூரையில் காற்றோட்டத் துளை, எல்லாம் அளவோடு. கீழ் மூலையில், அலுவலகத்தில் போடுகிற அதே கட்டம். வரைந்தவர்: அவன் கையெழுத்து. சரிபார்த்தவர்: காலி.

"அன்னைக்கு நீங்க அளக்க வந்தப்பவே போட்டு வச்சேன்," என்றான் சுவருக்குள்ளிருந்து. "அலமாரியைத் திறப்பீங்கன்னு நெனச்சேன். இப்போ கையெழுத்துப் போட்டுக் குடுங்க அக்கா."

அவள் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது. மூடியைக் கழற்றியது. நிப் தாளில் படுவதற்குள் நின்றது.

பதினொரு வருடத்துக்கு முன்பும் இப்படித்தான். பென்சில் என்றுதான் அலுவலகத்தில் அவனைக் கூப்பிடுவார்கள். உடம்பும் அப்படி, கணினியில் ஏற்றும் முன் எல்லாவற்றையும் பென்சிலில் போட்டுப் பார்க்கிற பழக்கமும் அப்படி. பக்கத்து மேசை. ஒரு நூலகத்தின் படிக்கட்டை அவன் வரைந்தான். ஏறுகிறவர் தலைக்கும் மேலே குறுக்கே போகிற பீமுக்கும் இடையில் இரண்டாயிரத்து நூறு இருக்க வேண்டும். பென்சில் போட்டதை என்ன பார்ப்பது என்று மில்லி பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். திறப்பு விழாவில் உயரமான ஒருவர் படியேறி, பீமில் மோதி, நெற்றியில் ரத்தத்தோடு இறங்கினார். அளந்தால் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. படிக்கட்டையே உடைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. கூட்டத்தில் முதலாளி கேட்டார், யார் சரிபார்த்தது? அவள் சொன்னது ஒரே வாக்கியம். "நான் பார்த்தப்ப ரெண்டாயிரத்து நூறு இருந்துச்சு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த பென்சில் திரும்பி அவளைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை.

தெரிந்தும் காட்டிக்கொடுக்காமல் போனான் என்றுதான் அவள் இத்தனை வருடம் நினைத்திருந்தாள்.

பேனாவை மூடினாள். "அளக்காம போட மாட்டேன்," என்றாள் துளையிடம். "உள்ளே வரலாமா?"

அந்த அம்மா படிக்கட்டிலிருந்து தலையாட்டி மறுத்தார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "அம்மா, திறந்து விடு," என்றான்.

அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த விரிப்புகளை அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, கட்டிலில் ஓரம் பார்த்து அடுக்கினார். பின்பலகை கதவாகத் திறந்தது. மில்லி குனிந்து நுழைந்தாள்.

அவனை முதலில் பார்க்கவில்லை. சுவர்களைத்தான் பார்த்தாள். தரையிலிருந்து கை எட்டும் உயரம் வரை பென்சில் கோடுகள். எல்லாம் ஒரே படம். ஒரு படிக்கட்டின் பக்கவாட்டுத் தோற்றம், மேலே ஒரு பீம், இரண்டுக்கும் இடையில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஓர் எண். நூறு இருக்கும், இருநூறும் இருக்கலாம். எல்லாவற்றிலும் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.

"உட்காருங்க அக்கா," என்றான். முடி நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. "எத்தனை தடவை போட்டாலும் இதான் வருது. ஒரு தடவைகூட ரெண்டாயிரத்து நூறு வரலை. ஆனா நீங்க பார்த்தப்ப ரெண்டாயிரத்து நூறு இருந்துச்சு. அப்போ அதுக்கப்புறம் நான்தான் எங்கேயோ மாத்தியிருக்கேன். எங்கேன்னு ஞாபகமே வரலை. கையே என்னுது இல்லையோன்னு ஆயிடுச்சு. தப்பு பண்ணினது தெரிஞ்சா வேற வேலைக்குப் போகலாம். பண்ணினதே ஞாபகம் இல்லாதவன் எப்படிப் போறது?"

மில்லிக்குக் காதில் டிரில் இன்னும் ஓடுவதுபோல் இருந்தது. இவன் அவளைக் காட்டிக்கொடுக்காமல் போனவனல்ல. அவள் சொன்னதை நம்பிப் போனவன்.

"எந்தத் தாள்ல அக்கா பார்த்தீங்க? முதல் தாளா, ரெண்டாவதா? அதை மட்டும் சொல்லுங்க."

"எந்தத் தாள்லயும் பார்க்கலைடா."

அவன் புரியாமல் பார்த்தான்.

"நான் பார்க்கவே இல்லை. நீ போட்டதாச்சேன்னு அப்படியே கையெழுத்துப் போட்டேன். ரெண்டாயிரத்து நூறுன்னு கூட்டத்துல சும்மா சொன்னேன். நீ எதையும் மாத்தலை. முதல்லேருந்தே ஆயிரத்து எண்ணூத்தி அம்பதுதான்."

அலமாரிக்கு அந்தப் பக்கம் விரிப்பு மடிக்கும் சத்தம் நின்றது.

பென்சில் சுவரைப் பார்த்தான். ஒரு விரலை நாக்கில் தொட்டு, கிட்டத்திலிருந்த ஓர் எண்ணின் மேல் தேய்த்தான். அழியவில்லை. கறுப்பாய்ப் பரவியது.

"அப்போ இது எல்லாமே சரிதான்," என்றான்.

"ஆமா."

"முதல் தடவை போட்டப்பவே தெரிஞ்சுது அக்கா. இதுதான்னு. நீங்கதான் சொன்னீங்களேன்னு மறுபடி போட்டேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டினான், வேண்டாம் என்பதுபோல. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணை மேலிருந்த கல்தூளை உள்ளங்கையில் சேர்த்தான். சேர்த்ததை எங்கே போடுவதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"போயிடுங்க," என்றான். அவள் பலகையைத் திறக்கக் குனிந்தபோது மறுபடி பேசினான். "அளந்துட்டுப் போங்க."

அவள் டேப்பை இழுத்தாள். மூவாயிரத்துச் சொச்சத்தைத் தனியாளாக அளக்க முடியாது. முனை நழுவிக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை நழுவியபோது அவன் எழுந்து வந்து, அவளைப் பார்க்காமல், மறுமுனையைச் சுவரில் அழுத்திப் பிடித்தான். மூவாயிரத்து நூற்று ஐம்பது. அகலம் வாசல் பக்கம் ஆயிரத்து நூற்றுப் பத்து. உள்பக்கம் ஆயிரத்து நூற்று நான்கு.

"ஆறு குறையுது," என்றாள்.

"குறையாது. டேப்பைத் தொங்க விடறீங்க."

மறுபடி அளந்தாள். நூற்று நான்குதான். அவன் வந்து எண்ணைப் பார்த்தான். டிரேசிங் தாளை வாங்கித் திருத்திக் கொடுத்தான். அதன் பிறகுதான் அவள் காலிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"பட்டியல்ல ஒரு ஆள்னு இருக்கு," என்றாள் தாளைப் பார்த்தபடியே.

அலமாரிக்கு வெளியிலிருந்து அவன் அம்மா சொன்னார். "எழுதாதம்மா. ஊர் சிரிக்கும்."

பென்சில் துளைப் பக்கம் திரும்பி நின்றான். படிக்கட்டில் டிரில்காரர் இயந்திரத்தைப் பெட்டிக்குள் வைக்கும் சத்தம் கேட்டது. அவர் தொண்டையைச் செருமினார், தும்மினார், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ முணுமுணுத்தார்.

"ரெண்டு," என்றான் பென்சில்.

மறுநாள் காலை எட்டரைக்கு மில்லி அலுவலகம் போனாள். இருபத்து மூன்றாம் வீட்டின் தாளைத் திறந்து சுவரை நீக்கினாள். அந்த இடத்தில் அறையை வரைந்தாள். ஆயிரத்து எண்ணூறுக்குக் குறைந்த அகலத்தை அறை என்று கணினி ஏற்றுக்கொள்வதில்லை. 'சாமான் அறை' என்று தானாகவே எழுதியது. அதை அழித்து 'அறை' என்று கையால் அடித்தாள். ஆள் எண்ணிக்கையை இரண்டாக்கினாள். திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில், அலமாரியைத் திறந்து அளக்கவில்லை, பிழை என்னுடையது என்று எழுதிப் பெயரைப் போட்டாள். ஒன்பதரைக்கு முதலாளி வந்தார். நாற்பது வீட்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், கோப்பு பத்து நாள் தள்ளிப் போகும் என்றார். கோபமாகத்தான் இருந்தார். அவர் முடித்ததும் மில்லி நூலகப் படிக்கட்டைப் பற்றியும் சொன்னாள். முதலாளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எந்த நூலகம் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவருக்கு ஞாபகம் வரவில்லை. மதியம் பொறியாளர், கல் துண்டு நல்ல கல் என்று தகவல் அனுப்பினார். நான்கு மணிக்குத் துளையை அடைக்கக் கொத்தனார் போனார். உள்ளே இருந்து வேண்டாம் என்று சொன்னார்களாம். குழைத்த கலவையை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார்.